பிடிஎஃப் கோப்பில் தமிழ்க் கவிதை: சிக்கல்களும் தீர்வுகளும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியரிடம் யாப்பைப் பற்றியோ அணியைப் பற்றியோ பேசச் சொல்வதே வழக்கம். விழாக் குழுவினரோ எனக்குப் பிடிஎஃப் கோப்பைப் பற்றிய தலைப்பைத் தந்தார்கள். கவிதை நூல் வெளியிட்ட எவருக்கும் இதன் காரணம் விளங்கும். அச்சகத்தார் மெய்ப்பு அனுப்புவது பிடிஎஃப் ஆக. நண்பர்க்கு நாம் தொகுதியை அனுப்புவதும் பிடிஎஃப் ஆக. அதில் ஓர் எழுத்தைத் திருத்த முனைந்தாலோ, ஒரு பாடலை எடுத்து வேறிடத்தில் ஒட்ட முனைந்தாலோ தொல்லை தொடங்குகிறது. இத்தொல்லைகளின் வேர் ஒன்றே என்பதும், அதை அறிந்தால் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம் என்பதும் என் உரையின் சுருக்கம்.

பிடிஎஃப் என்பது யாது?

அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் வார்னாக் 1991ஆம் ஆண்டில் தீட்டிய திட்டத்திலிருந்து தோன்றி, 1993இல் வெளிவந்தது இவ்வடிவம். 2008இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும், பக்கம் ஒரே தோற்றம் தரவேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது. ஆனால் தோற்றத்தைக் காப்பது வேறு, எழுத்தைக் காப்பது வேறு.

பிடிஎஃப் கோப்பின் உள்ளே "இந்த வடிவத்தை இந்த இடத்தில் இடுக" என்னும் கட்டளைகளே வரிசையாக உள்ளன. அவ்வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதைத் தனியே ஓர் அட்டவணை சொல்லவேண்டும். அட்டவணை சரியாக இருந்தால் கண்ணும் கணிப்பொறியும் ஒன்றையே படிக்கும். அது இல்லாவிட்டாலோ பிழைபட்டாலோ, கண் தமிழைப் படிக்கும். கணிப்பொறி வேறெதையோ படிக்கும்.

முதற் சிக்கல்: எழுத்து மாறுதல்

பாடலை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வருவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இதற்குக் காரணம் பழைய எழுத்துருக்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் பதிவாகிறது. அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. போர்வை விலகினால் ஆங்கிலமே எஞ்சும்.

இவ்வாறு ஒவ்வொருவரும் ஒரு குறியேற்றம் வைத்திருந்த நிலையை மாற்றவே, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் பொதுக் குறியேற்றங்கள் வந்தன. பின்னர் ஒருங்குறி பரவியது. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் அச்சகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

தீர்வு இது: மூலக்கோப்பைக் கேட்டுப் பெற்று, எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றுக. மாற்றியபின் மெய்ப்புப் பார்த்தல் கட்டாயம். கவிதையினிடையே ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழ் எனக் கருதிச் சிதைத்துவிடும். ஔகாரத்தையும் காண்க. 'ஔவை' என்பதை 'ஒ', 'ள' என இரண்டெழுத்தாக அடித்து 'ஒளவை' என வைத்திருப்பார்கள். கண்ணுக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது. தேடும் பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இரண்டாம் சிக்கல்: வரிசை பிறழ்தல்

ஒருங்குறியில் அமைந்த கோப்பிலும் ஒரு தொல்லை உண்டு. 'கொ' என்பது இலக்கணத்தார்க்கு ஓர் உயிர்மெய் எழுத்து. ஒருங்குறியில் அது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடு. பக்கத்தில் அது கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவம். பிடிஎஃப் கோப்பு அறிந்தது இம்மூன்று வடிவங்களைத்தான். எனவே பாடலை எடுக்கும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகவே அது தருவதுண்டு. அப்போது கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது தனித்து நிற்கும். 'கொடி' என்று தேடினால் நூலில் நூறு கொடி இருந்தும் ஒன்றும் அகப்படாது. எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய உயிர்மெய்கள் அனைத்துக்கும் இந்த இடர் உண்டு.

மூலக்கோப்பு இருந்தால் எழுதும் மென்பொருளின் ஏற்றுமதி வசதியைக் கொண்டே பிடிஎஃப் ஆக்குக. அச்சிடும் கட்டளையின் வழியாக ஆக்கவேண்டா. மூலம் இல்லையெனில், பக்கங்களைப் படமாக்கி எழுத்துணரி மென்பொருளால் புதிதாகப் படிக்கச் செய்வதே நல்லது. டெசராக்ட் போன்ற இலவச எழுத்துணரிகள் தமிழை அறியும்.

மூன்றாம் சிக்கல்: சீர் குலைதல்

இது கவிஞர்களுக்கே உரிய சிக்கல். கணிப்பொறி வல்லுநர்கள் பெரும்பாலும் கருதாதது. பிடிஎஃப் கோப்பில் சொல்லிடைவெளி ஓர் எழுத்தாக இல்லாமல் வெறும் தொலைவாகவும் இருக்கலாம். அத்தொலைவைக் கண்டு 'இங்கே இடைவெளி' என்று மென்பொருள் ஊகிக்கிறது. ஊகம் தவறினால் இரு சீர் ஒன்றாகும். ஒரு சீர் இரண்டாகும்.

உரைநடையில் இது சிறு குறை. வெண்பாவிலோ ஈற்றடி முச்சீராகவும் ஏனையடி நாற்சீராகவும் நிற்கவேண்டும். ஏழு சீர்க் குறளைப் படியெடுத்து ஆறு சீராகப் பெறும் மாணவர், பிழை கோப்பினது என்று அறியார். தளை தட்டுகிறது என்று கவிஞர்மேல் பழி போடுவார். புதுக்கவிதையிலும் வரி முறியும் இடமும் உள்தள்ளி நிற்கும் வரியும் பொருளுடையவை. அவையும் இவ்வாறே கரைந்துபோகும். படியெடுத்த மரபுப் பாடலை அடிதோறும் சீர் எண்ணிப் பார்த்தே பயன்படுத்துக. இதற்கு வேறு குறுக்குவழி இல்லை.

நான்காம் சிக்கல்: திருத்த இயலாமை

ஓர் எழுத்தை மட்டும் மாற்ற முயன்றால் கட்டம் தோன்றுகிறது, அல்லது அந்த எழுத்து மட்டும் வேறு வடிவில் நிற்கிறது. கோப்பின் அளவைக் குறைக்கும் பொருட்டு, நூலில் பயின்ற வடிவங்களை மட்டுமே எழுத்துருவிலிருந்து எடுத்து உள்ளே பொதிந்திருப்பார்கள். உங்கள் தொகுதியில் ஒரு வடிவம் எங்கும் வரவில்லையானால், அது கோப்பிலும் இராது. அதே எழுத்துரு உங்கள் கணிப்பொறியிலும் இல்லையானால் மென்பொருள் என்ன செய்யும்?

மேலும், பிடிஎஃப் பக்கத்தில் பத்தி என்னும் உணர்வு பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு வரியும் தனித்தனியே ஒட்டிய துண்டு போன்றது. நீண்ட சொல்லை இட்டால் வரி ஓரத்தைத் தாண்டும். அடுத்த வரிக்குத் தானே இறங்காது.

எனவே பிழையை மூலக்கோப்பில் திருத்துக. நூல் முழுவதையும் மீண்டும் ஆக்க நேரமில்லையெனில், அந்த ஒரு பக்கத்தை மட்டும் மூலத்திலிருந்து பிடிஎஃப் ஆக்கி, பழைய பக்கத்தை நீக்கி இதைச் செருகுக. எழுத்தைத் திருத்துவதில் தடுமாறும் மென்பொருள்களும் பக்கம் மாற்றுவதைச் செம்மையாகச் செய்யும்.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். படம்பிடித்த நூலில் எழுத்தே இல்லை, இருப்பது படம். எழுத்துணரியால்தான் அதைப் படிக்கவேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவில் படம்பிடித்தல் நன்று. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா முதலிய பழைய வடிவங்களில் எழுத்துணரி தடுமாறக்கூடும். கடவுச்சொல்லால் பூட்டிய கோப்பை ஆக்கியவரிடம் கேட்டுத் திறப்பதே முறை.

ஏன் இவ்வளவு கவலை?

அன்பர்களே, தமிழுக்கு இத்தகைய இடர் புதிதன்று. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒத்திருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் பொருளறிந்து, யாப்பறிந்து, பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டார்கள். பொறியோ பொருளறியாது. அது தந்த பிழையைத் திருத்தக் கவிஞரே உடனிருந்தால் நன்று. அவர் மறைந்தபின் எஞ்சுவது பிடிஎஃப் கோப்பு ஒன்றேயானால், நாமே அடுத்த தலைமுறைக்குப் புள்ளியில்லாத ஓலையை விட்டுச் செல்கிறோம்.

இன்னொரு வாசகரையும் நினைக்கவேண்டும். பார்வையற்ற அன்பர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் கவிதை கேட்கிறார். அவர்க்குப் பக்கத்தின் தோற்றத்தால் பயனில்லை. உள்ளே பொதிந்த எழுத்தே அவர் கேட்கும் கவிதை. அது சிதைந்திருந்தால் நம் நூல் அவர்க்கு மூடிய நூல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எழுத்து எழுத்தாக உள்ளிட்டு வெளியிட்டதன் அருமை இங்கே விளங்கும்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பத்தாண்டுகளில் நம் உறுப்பினர் வெளியிட்ட தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று கோப்புகளைச் சேர்த்து வைப்போம். ஒன்று, அச்சுக்குச் சென்ற மூலக்கோப்பு. இரண்டு, வெறும் ஒருங்குறி எழுத்தில், சீரும் அடியும் சரிபார்த்த பாடம். மூன்று, காப்பகத்துக்கென 2011இல் வகுத்த பிடிஎஃப்/ஏ-2யு வகைக் கோப்பு. எழுத்துருவைப் பொதிந்து வைப்பதும், வடிவத்துக்குரிய ஒருங்குறி எழுத்தைக் குறிப்பதும் அவ்வகையில் கட்டாயம். லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துவோர் மூலக்கோப்பையே பிடிஎஃப் கோப்பினுள் பொதிந்து வைக்கவும் வசதி உண்டு.

அச்சகத்தார் பிடிஎஃப் அனுப்பியதும் ஒரு சோதனை செய்க. ஒரு பாடலை எடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டுக. கொகரமும் ஐகாரமும் நிலைத்துள்ளனவா, சீர்கள் பிரிந்துள்ளனவா எனக் காண்க. இல்லையெனில் பணம் கொடுக்கும் முன் மூலக்கோப்பைக் கேட்டு வாங்குக. எழுதியது நம் உரிமை எனில், எழுத்தும் நம் உரிமையே.