அவனுக்கும் ஒரு பெயர் உண்டு

(நெய்வேலி நகரியத்தில் சுரங்கத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பஸ் நிலையத்துச் சுவரிலும் ரயில்வே ஸ்டேஷன் தூணிலும் போலீசார் ஒட்டுகிற நோட்டீஸை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "சுமார் 45 வயது மதிக்கத்தக்க, அடையாளம் தெரியாத ஆண் பிரேதம். மாநிறம். கட்டம் போட்ட லுங்கி. இடது கையில் பச்சை குத்தியுள்ளது. தகவல் தெரிந்தவர்கள் நிலையத்தில் தெரிவிக்கவும்." இப்படித்தான் இருக்கும். கீழே ஒரு படம். அந்தப் படத்தைப் பார்த்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. நாலு நாளில் அதன் மேல் சினிமா போஸ்டர் ஒட்டப்படுகிறது. அத்துடன் அந்த மனிதனின் கதை முடிந்தது என்று ஊர் நினைத்துக்கொள்கிறது.

கதை முடியவில்லை, தோழர்களே. எங்கோ ஒரு கிராமத்தில் அவன் மனைவி காத்துக்கொண்டிருக்கிறாள். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியாது. தகப்பன் இருக்கிறானா, இல்லையா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. இறந்தவனுக்காக அழுவதற்கும்கூட ஒரு செய்தி வேண்டியிருக்கிறது. அந்தச் செய்தியைக் கொண்டு சேர்ப்பது யார் வேலை என்பதைத்தான் இன்று நாம் பேச வேண்டும்.

அநாமதேயமாகச் சாகிறவன் யார்?

பங்களாக்காரர் ஒருவர் சாலையோரம் இறந்து கிடந்து, அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டார் என்று நாம் கேள்விப்பட்டதுண்டா? அவர் ஒரு வேளை வீடு திரும்பாவிட்டால் பத்து டெலிபோன்கள் அலறும். முந்திரித் தோப்பிலும், வாய்க்கால் கரையிலும், தண்டவாளத்தின் ஓரத்திலும் பெயரில்லாமல் கிடப்பவன் பெரும்பாலும் வேலை தேடி ஊர் விட்டு வந்தவன். இன்று ஒரு மேஸ்திரியிடமும் நாளை ஒரு கண்ட்ராக்டரிடமும் கூலிக்கு நின்றவன். அல்லது குடும்பத்தை விட்டு அலைந்த நோயாளி.

நம் நெய்வேலியே வந்தவர்களால் எழுந்த ஊர். 1957ம் ஆண்டு மே மாதம் 20ந் தேதி பிரதமர் நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961ல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. 1962ல் சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த அனல் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அன்று மண் வெட்ட வந்தவர்கள் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்து வந்தார்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வருகிறார்கள். வெட்டிய ஒவ்வொரு டன் கரிக்கும் கணக்கு உண்டு. வெட்டியவன் பெயர், ஊர், உறவு எல்லாவற்றுக்கும் அதே கணக்கு உண்டா? கண்ட்ராக்டரின் மஸ்டர் ரோலில் "ராஜு" என்று மட்டும் இருந்தால், அந்த ராஜு நாளை வழியில் விழுந்து இறந்தால், அவன் எந்த ராஜு?

பக்கத்து வடலூரில் 1867ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி என்று வந்தவனிடம் பெயர் கேட்காமல் அங்கே சோறு போடுகிறார்கள். அது பெருமை. ஆனால் செத்தவனைப் பெயர் கேட்காமல் புதைப்பது பெருமையல்ல. அது அவன் குடும்பத்துக்கு இழைக்கும் அநீதி.

இரண்டு ஆண்டும் ஏழு ஆண்டும்

இது வெறும் மன வேதனை விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். இது சோற்று விஷயம். வேலையில் இறந்தவனின் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு தர 1923ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. மரணம் நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும் என்று அந்தச் சட்டம் கெடு வைத்தது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று இடமும் வைத்தது. ஆனால் காணாமல் போனவன் விஷயத்தில் சாட்சியச் சட்டம் என்ன சொல்கிறது? ஏழு ஆண்டுகள் அவனைப் பற்றி உற்றாருக்கு ஒரு தகவலும் இல்லாவிட்டால்தான் அவன் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது. 2023ல் இயற்றிய புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த ஏழு ஆண்டு அப்படியே இருக்கிறது.

கேட்பதற்குக் கெடு இரண்டு ஆண்டு. புருஷன் செத்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்வதற்கு ஏழு ஆண்டு. நடுவிலே அந்தப் பெண் எந்தப் படியில் ஏறுவாள்? எந்த ஆபீசில் நிற்பாள்? பிணத்துக்குப் பெயர் கிடைத்தால் இந்த முடிச்சு அன்றே அவிழும்.

அடிலெய்டு கடற்கரையில்

"போலீசாராலேயே முடியாததை நாம் எப்படிச் செய்வது?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியா தேசத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

1948ம் ஆண்டு டிசம்பர் 1ந் தேதி காலையில், அடிலெய்டு நகரத்தை ஒட்டிய சோமர்ட்டன் கடற்கரையில் ஒரு மனிதன் சுவரில் சாய்ந்தபடி இறந்து கிடந்தான். உடம்பில் காயமில்லை. சட்டைப் பையில் அடையாளச் சீட்டு எதுவுமில்லை. துணிகளில் தைத்திருந்த சீட்டுகள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. ரயில்வே ஸ்டேஷனில் விட்டுப்போன ஒரு பெட்டி அகப்பட்டது, அதிலிருந்த கழுத்துப்பட்டையில் "டி. கீன்" என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரில் காணாமல் போனவர் எவரும் அகப்படவில்லை. அவன் பையில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தில் "முடிந்தது" என்று பொருள்படும் இரண்டு பாரசீகச் சொற்கள் அச்சாகியிருந்தன. அது உமர் கய்யாமின் பாடல் புத்தகத்திலிருந்து கிழித்தது. அந்தப் புத்தகமும் பின்னால் அகப்பட்டது. அதில் புரியாத எழுத்துக்கள் சில வரிகள் இருந்தன.

போதாதா? உளவாளி என்றார்கள். ரகசியச் சங்கேதம் என்றார்கள். அமெரிக்காவும் சோவியத் நாடும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. எழுபது ஆண்டுக்கு மேல் இந்தக் கதையை வளர்த்தார்கள். அந்த மனிதனை 1949ல் புதைத்து, "இன்னாரென்று தெரியாத மனிதன்" என்று கல்லில் எழுதி வைத்தார்கள்.

அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டெரெக் அபட் என்று ஒரு பேராசிரியர். மின்சாரப் பொறியியல் கற்பிப்பவர். துப்புத் துலக்குவது அவர் உத்தியோகமல்ல. அவர் பல ஆண்டுகள் இதன் பின்னால் நடந்தார். புதைக்கும் முன் போலீசார் இறந்தவனின் முகத்தைச் சாந்தில் வார்த்து வைத்திருந்தார்கள். அந்த வார்ப்பில் சில தலைமயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மயிரிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் உடன் சேர்ந்தார். தூரத்துச் சொந்தங்களைக் கண்டு, சுமார் 4,000 பேர் கொண்ட வம்சாவளியை எழுதி, ஒவ்வொரு கிளையாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். 2022ம் ஆண்டு ஜூலை மாதம் பெயரைச் சொன்னார்கள்: கார்ல் வெப். மெல்போர்னில் 1905ல் பிறந்தவர். கருவிகள் செய்யும் தொழில் தெரிந்தவர். அவருடைய சகோதரியின் கணவர் பெயர் தாமஸ் கீன். கழுத்துப்பட்டைப் பெயரின் மர்மம் அவ்வளவுதான். மச்சான் கொடுத்த துணி! ஏழை வீடுகளில் மச்சான் சட்டையை மச்சான் போடுவது நமக்குத் தெரியாத ரகசியமா?

தென் ஆஸ்திரேலிய போலீஸ் 2021ல் சவக்குழியைத் தோண்டித் தனியாகச் சோதனை நடத்திவந்தது. அபட் பெயரை அறிவித்தபோது அதை உடனே உறுதி செய்யவில்லை. அது முறைதான். ஆனால் அவர்கள் கண்ட பெயர் சரியானால் இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனான் என்று வெப்பின் மனைவி 1951ல் விவாகரத்து வழக்குப் போட்டார். அவன் அப்போது பெயரில்லாத குழியில் இரண்டு ஆண்டாகக் கிடந்தான். உளவாளிக் கதைக்குச் செலவான மையில் கால் பங்கு, குடும்பத்தைத் தேடச் செலவாகியிருந்தால்?

ஒரு சட்டையின் சீட்டு

இனி நம் நாட்டுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில் ஃபைஸாபாத் நகரம். அங்கே முகம்மது ஷெரீப் என்று ஒரு சைக்கிள் மெக்கானிக். 1992ல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதை ஒட்டி எழுந்த கலவர நாட்களில் அவருடைய மகன் சுல்தான்பூருக்கு வேலையாகப் போனான், திரும்பவில்லை. தகப்பன் தேடாத இடமில்லை. கடைசியில் வந்தது ஒரு சட்டை. அதில் தையற்காரரின் சீட்டு இருந்தது. அதை வைத்துத்தான் அவன் எந்த ஊரான் என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் உடலைக் கேட்பாரற்ற பிணம் என்று அப்புறப்படுத்திவிட்டார்கள். தகப்பன் ஒரு பிடி மண் போட முடியவில்லை.

அடிலெய்டில் சீட்டு வெட்டப்பட்டிருந்தது. பெயர் கிடைக்க எழுபது ஆண்டு ஆயிற்று. இங்கே சீட்டு இருந்தது. அதைப் படித்துச் செய்தி ஊருக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆகவே அடையாளம் இருந்தால் மட்டும் போதாது. அதை உடனே படிக்க ஆள் வேண்டும். படித்ததைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டும்.

அந்தச் சைக்கிள் மெக்கானிக் என்ன செய்தார்? மதம் பார்த்துப் பழி தேடவில்லை. இனி இந்த ஊரில் எந்தப் பிணமும் கேட்பாரற்றுக் கிடக்காது என்றார். இந்துவை இந்து முறைப்படியும் முஸ்லிமை முஸ்லிம் முறைப்படியும் ஆயிரக்கணக்கான அநாதைப் பிணங்களை அடக்கம் செய்தார். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கூலிக்கு டியூப் ஒட்டுகிறவர் செய்த வேலை இது.

இன்னொன்று. 2023ம் ஆண்டு ஜூன் 2ந் தேதி ஒடிசாவில் பாலாசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் 290 பேருக்கு மேல் மாண்டார்கள். தெற்கே வேலைக்கு வருகிற ஏழைகளின் ரயில் அது. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுகிறவனின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. படங்களைப் பரப்பி வைத்து, டிஎன்ஏ பார்த்து, நாலு மாதம் காத்திருந்தும் 28 உடல்களுக்கு உரியவர் கிடைக்கவில்லை. அந்த அக்டோபரில் புவனேஸ்வரில் அவற்றைத் தகனம் செய்தபோது, தாமாக முன்வந்த பெண்கள் கொள்ளி வைத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, உயிரோடு இருக்கும்போதே பெயரை எழுதுவோம். வெளிமாநிலத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம் தரவேண்டும் என்றும், அவன் விபத்தில் இறந்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் 1979ம் ஆண்டுச் சட்டம் கண்ட்ராக்டருக்குக் கடமை விதித்தது. அந்தச் சட்டத்தை 2020ல் இயற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கினார்கள். சட்டத்தின் பெயர் மாறலாம். நம் கோரிக்கை மாறாது. கண்ட்ராக்டர் எழுதாவிட்டாலும் யூனியன் ஆபீசில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா, வீட்டு டெலிபோன், பச்சை, தழும்பு. நூறு பக்க நோட்டுக்கு என்ன செலவு?

இரண்டாவது, பிணம் கிடக்கக் கண்டால் தொடாதீர்கள், புரட்டாதீர்கள், பையில் கை விடாதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள். பிரேத விசாரணையை அக்கம்பக்கத்து மதிப்புள்ள மனிதர்கள் இருவராவது முன்னிலையில் நடத்த வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் உண்டு. பஞ்சாயத்தாராகக் கூப்பிட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று ஒளியாதீர்கள். போய் நில்லுங்கள். தையற்காரர் சீட்டு, செருப்பு, பல், பச்சை, கையில் காய்ப்பு எல்லாம் எழுத்தில் ஏறியதா என்று பாருங்கள். கடப்பாறை பிடித்தவன் கையும் கரண்டி பிடித்த கொத்தன் கையும் தொழிலாளிக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

மூன்றாவது, நோட்டீஸைச் சுமந்து செல்வோம். தமிழில் ஒட்டிய நோட்டீஸை ஜார்க்கண்ட் தோழன் எப்படிப் படிப்பான்? தொழிலாளர் தங்கும் கொட்டகைக்கும் டீக்கடைக்கும் போய், இந்தி தெரிந்த, ஒரியா தெரிந்த தோழரைக் கொண்டு வாயால் சொல்லச் சொல்வோம். சிதைந்த முகத்தைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்புவது வேண்டாம். அதைக் குழந்தைகளும் பார்ப்பார்கள், அவன் தாயும் பார்ப்பாள். பச்சையையும் துணியையும் சொன்னால் போதும்.

நான்காவது, வதந்திக்கு வாய் கொடுக்காதீர்கள். அந்நிய முகம் என்றால் திருடன், பிள்ளை பிடிக்கிறவன் என்று கதை கட்டுவது சுலபம். அடிலெய்டு உளவாளி யாரென்று பார்த்தோமல்லவா?

ஐந்தாவது, யாரும் வராவிட்டாலும், டிஎன்ஏ மாதிரி எடுக்காமலும், புதைத்த இடத்துக்கு எண் போடாமலும் அடக்கம் செய்ய விடக்கூடாது என்று கேட்போம். பத்து ஆண்டு கழித்து ஒரு மகன் தேடி வரலாம். அவனுக்குக் காட்ட ஒரு இடம் இருக்க வேண்டும்.

தோழர்களே! உயிரோடு இருக்கிறவனின் கூலிக்குப் போராடுகிற நாம், செத்தவனின் பெயருக்கும் போராட வேண்டும். இந்த இரண்டும் ஒரே போராட்டம். பெயர் எழுதாதவனின் கூலியைத்தான் முதலில் திருடுகிறார்கள். இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்னால், உங்கள் பக்கத்தில் நிற்கிற வெளியூர்த் தோழனைப் பாருங்கள். அவன் முழுப் பெயர் என்ன, ஊர் எது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் பெயரையும் அவனிடம் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகம் வாசலில் மேஜை மேல் இருக்கிறது.