மார்கழிப் பனியை நம்பிப் புயலை மறவாதீர்

(விருத்தாசலம் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் வரப்புப் புல்லெல்லாம் நனைந்திருக்கக் காண்கிறோம். "பனி இறங்கிவிட்டது, இனிப் புயல் வராது" என்று சொல்லி, வடிகால் வெட்டும் மண்வெட்டியைக் கொட்டகையில் சாய்த்துவிடுகிறோம். பல ஆண்டுகளில் இந்த நம்பிக்கை பலித்திருக்கிறது. பலிக்காத ஆண்டு எப்படி இருக்கும் என்பதை 2011ஆம் ஆண்டில் நம் மாவட்டம் கண்டது.

அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அது மார்கழி மாதத்தின் நடுப்பகுதி. 1964ஆம் ஆண்டு தனுஷ்கோடியை அழித்த புயலும் டிசம்பர் 22, 23 தேதிகளில், மார்கழியில்தான் வந்தது.

பனி எதைச் சொல்கிறது?

பனி என்னும் ஒரே சொல்லால் பலவற்றைக் குறிக்கிறோம். இதே மாதங்களில் இமயமலையில் பெய்வது வெண்பனி. உதகையில் புல்லைக் கருக்குவது உறைபனி. நம் சமவெளியில் காண்பது பனித்துளி மட்டுமே. வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதன்மேல் படும் காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படிகிறது. நம்மூர்ப் பீங்கான் தட்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றை வெட்டவெளியிலும் மற்றொன்றை அடர்ந்த மரத்தடியிலும் இரவில் வைத்துப் பாருங்கள். வெளியில் வைத்த தட்டே அதிகம் நனைந்திருக்கும். மரத்தின் கிளைகள் நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதே காரணம்.

ஆகவே, நேற்றிரவு நம் வானம் தெளிவாக இருந்தது என்பதை மட்டுமே பனி சொல்கிறது. வங்கக் கடலில் என்ன உருவாகிறது என்பதைச் சொல்லாது. கடல்நீரின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 26 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் புயல் உருவாக வாய்ப்புண்டு. டிசம்பரிலும் தெற்கு வங்கக் கடலில் அந்த வெப்பம் நீடிக்கிறது. கரையில் நாம் போர்வை போர்த்தியிருக்கும்போதும் கடல் ஆறியிருப்பதில்லை.

காற்றின் விசை

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். 40 கிலோமீட்டர் காற்றில் அசையாது நின்ற மரம் 120 கிலோமீட்டர் காற்றில் வீழ்வது இதனால்தான். மழையில் மண் ஊறியிருந்தால் வேரின் பிடிப்பும் தளர்ந்துவிடும். கடலூரிலிருந்து நாம் சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். கரை ஏறியபின் புயல் வலுவிழக்கும் என்பது உண்மையே. ஆனால் இந்தத் தூரத்துக்குள் முழுதும் அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம்.

நெல்லை இழந்தவர் அடுத்த பட்டத்தில் மீள முயலலாம். முந்திரி அப்படியன்று. ஒட்டுக்கன்று நட்டாலும் மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். முழு விளைச்சலுக்கு மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அறிவிப்பும் வேலையும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல் பற்றிய செய்தியை நான்கு கட்டங்களாக வெளியிடுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

1. 72 மணி நேரத்துக்கு முன் வரும் முதல் அறிவிப்பு: மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்துக. மார்கழிப் பட்ட நிலக்கடலை விதைப்பைத் தள்ளிவைக்க. வடிகால்களைத் தூர் வாருக.

2. 48 மணி நேரத்துக்கு முன்: முற்றிய சம்பா நெல்லை அறுத்து, உலர்த்தி, மேட்டில் சேர்க்க. இளம் முந்திரிக் கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்து, தண்டை அறுக்காதபடி சாக்குத் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுக.

3. 24 மணி நேரத்துக்கு முன்: கால்நடைகளை மரத்தடியிலிருந்தும் பழைய கொட்டகையிலிருந்தும் அகற்றி உறுதியான இடத்துக்குக் கொண்டு செல்க. தீவனத்தை மூடி வைக்க. பம்புசெட்டின் மின் இணைப்பைத் துண்டிக்க.

4. கரையைக் கடக்க 12 மணி நேரம் இருக்கையில்: உள்நாட்டில் காற்று எப்படி இருக்கும் என்பது சொல்லப்படும். அதன்பின் வயலுக்குப் போக வேண்டாம். காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண் பகுதியாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் வீசும்.

முந்திரியில் அறுவடை முடிந்ததும் ஆனி, ஆடியிலேயே காய்ந்த கிளைகளையும் குறுக்கும் நெடுக்குமான கிளைகளையும் கழித்துவிடுவது நலம். காற்று ஊடே புகுந்து போகும். மரத்தின்மேல் சுமை குறையும்.

புயலுக்குப் பின்

சாய்ந்த இளங்கன்றுகளை மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுங்கள். முறிந்த கிளைகளை ஒழுங்காக வெட்டி, வெட்டுவாயில் 10 சத போர்டோ பசை தடவுங்கள். வீழ்ந்த பெருமரங்களைத் தோப்பிலேயே கிடக்க விடாதீர்கள். தண்டுத் துளைப்பான் அவற்றில் பெருகி, நிற்கும் மரங்களையும் தாக்கும். ஆனால் வெட்டி அகற்றுமுன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் தெரிவியுங்கள். அடங்கலில் உங்கள் முந்திரி பதிவாகியிருக்கிறதா என்பதை மழைக்காலம் தொடங்குமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உழவர் பெருமக்களே, பனியையும் மதியுங்கள். உலர்த்தும் நெல்லை இரவில் மூடுங்கள்; இலையில் பனி காய்ந்தபின் மருந்து தெளியுங்கள். ஆனால் புயல் வருமா என்பதைப் பனியிடம் கேட்காதீர்கள். தை பிறக்கும்வரை நாள்தோறும் வானொலியிலோ கைப்பேசியிலோ வானிலைச் செய்தியைக் கேளுங்கள். மண்வெட்டியும் அதுவரை வயலிலேயே இருக்கட்டும்.