ஐரோப்பாவில் இணையம் வேரூன்றிய விதம்



இணையம் அமெரிக்காவில் முழுமையாக உருவாகிப் பின்னர் ஐரோப்பாவுக்கு வந்தது என்னும் கருத்து பாதி உண்மையே. செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சேருமிட முகவரியைக் குறித்து அனுப்பும் பொதிமாற்று முறையை 1960களிலேயே வகுத்தோருள் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸும் ஒருவர். நார்வேயின் ஷெல்லர் நகர நிலநடுக்க ஆய்வு மையமும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியும் 1973இலேயே அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் கணினிப் பிணையத்தில் இணைந்துவிட்டன.

இவ்வரலாற்றில் உரிய இடம் பெறாதவர் பிரான்சின் லூயி பூசான். அவர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சிக்ளாட் என்னும் பிணையத்தில், இடைவழி பொதிகளைக் கடத்துவதோடு நின்றுவிட, விடுபட்டவற்றைக் கண்டறிந்து மீண்டும் பெறும் பொறுப்பை இரு முனைகளிலுமுள்ள கணினிகளே ஏற்றன. பின்னாளில் இணையத்தின் பொதுமொழியாகிய டிசிபி/ஐபி நெறிமுறையை வகுத்த வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் இக்கருத்தால் பயனடைந்தனர். எனினும் பிரெஞ்சு அஞ்சல்-தொலைபேசித் துறை, முழுப் பாதையும் தன் கட்டுப்பாட்டில் இருக்கும் எக்ஸ்.25 என்னும் வேறொரு முறையையே விரும்பியதால், நிதி குறைந்து சிக்ளாட் 1981இல் மூடப்பட்டது. வீட்டில் முளைத்த விதையை வீட்டாரே பிடுங்கியெறிந்தனர் என்பதே இதற்குரிய தீர்ப்பு.

1980களிலும் ஐரோப்பிய அரசுகள் ஓஎஸ்ஐ என்னும் பன்னாட்டுத் தரநிலை நிறைவுபெறும் என்று காத்திருந்தன. அதற்குள் யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தியோர் 1982இல் யூநெட் என்னும் பிணையத்தைத் தொடங்கி, தொலைபேசித் தடங்கள் வழியே மின்னஞ்சலை நாடு விட்டு நாடு கடத்தினர். அதன் நடுநாயகமாக விளங்கிய ஆம்ஸ்டர்டாம் கணித ஆய்வு மையத்தின் பீட் பேர்டெமாவுக்கு, அமெரிக்க ஆய்வுப் பிணையத்துடன் நெதர்லாந்தை இணைக்கும் ஒப்புதல் 1988 நவம்பர் 17 அன்று கிடைத்தது. அடுத்த ஆண்டு, பல நாட்டுப் பிணையப் பொறியாளர்கள் அரசாணை எதையும் எதிர்பாராது ரைப் என்னும் திறந்த மன்றத்தை அமைத்து, எவரும் பங்கேற்று ஒருமித்த கருத்தால் முடிவெடுக்கும் மரபைத் தொடங்கினர்.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த உலகளாவிய வலையின் மென்பொருளை, 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிறுவனம் உரிமத்தொகையின்றி எவரும் பயன்படுத்தலாம் என அறிவித்தது. இக்கொடை இல்லையேல் வலை இத்துணை விரைவில் பரவியிராது.

இத்தகைய திறந்த வலையில்தான், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கி, பல நாட்டுத் தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் தமிழ் இலக்கியங்கள் இலவச மின்நூல்களாயின. நூல்களைத் தட்டச்சு செய்வோரும் பிழை திருத்துவோரும் இன்றும் தேவைப்படுகின்றனர். நம் சங்கத்தின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நூலையேனும் பொறுப்பேற்க முன்வர வேண்டும்.