பசியாறினீர்களா? – இரு கரைத் தமிழில் நான் கற்ற பாடம்



அயல்நாட்டிற்குப் படிக்கச் செல்பவர், அங்கு மொழியும் உணவும் பழக்கவழக்கங்களும் வேறாக இருக்கும் என்று எதிர்பார்த்தே செல்கிறார். நான் அவ்வாறு எதிர்பார்க்கவில்லை. 1980ஆம் ஆண்டு பினாங்குத் துறைமுகத்தில் 'சிதம்பரம்' கப்பலில் ஏறியபோது, 'தமிழ்நாட்டிற்குத்தானே போகிறோம், அங்கே நமக்கு எது அயலாக இருக்கப்போகிறது?' என்றே எண்ணினேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் மாணவனாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் கலைந்தது.

சிதம்பரம் கடைவீதியில் ஒரு குறிப்பேட்டை எடுத்து, "அண்ணே, இது எத்தனை வெள்ளி?" என்று பழக்கத்தால் கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வெள்ளி வேணும்னா நகைக்கடைக்குப் போங்க தம்பி" என்றார். நீரிணைக் குடியேற்றங்களில் வெள்ளி நாணயம் புழங்கிய காலத்து வழக்கு அது. நாணயம் தாளாக மாறிய பின்னும் நம் நாவில் அச்சொல் மாறவில்லை. கடைக்காரருக்கோ வெள்ளி என்பது ஓர் உலோகம், அல்லது வாரத்தில் ஒரு நாள்.

சொல்லில் மட்டுமன்று, சைகையிலும் வேறுபாடு இருந்தது. மலாய்க்காரர்களோடு வளர்ந்த நாம், சுட்டுவிரலை நீட்டுவது மரியாதையன்று என்று கருதி, மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் திசை காட்டுவோம். விடுதியில் அறை நண்பர் "என் வாளி எங்கே?" என்று கேட்டபோது அவ்வாறே காட்டினேன். 'உனக்கு ஒன்றும் கிடையாது' என்று நான் கேலி செய்வதாக எண்ணி, அவர் ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை.

அங்கே புதியவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி "எந்த ஊர்?" என்பது. "பினாங்கு" என்று விடையளித்தால் கேட்டவர் நிறைவடைவதில்லை. "அது சரி, பூர்வீகம் எந்த ஊர்?" என்பார். சில வேளைகளில் அக்கேள்வியின் அடியில் சாதியை அறியும் நோக்கமும் இருந்தது. நம் மூத்தோரோ "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்கள். முன்னது பிறப்பின் வழியாகவும் பின்னது உழைப்பின் வழியாகவும் மனிதரை இடங்காண முயல்கிறது. இரண்டும் தமிழ்க் கேள்விகளே. எனினும் அவை இருவேறு வரலாறுகளிலிருந்து பிறந்தவை.

இனி, இவ்வுரையின் தலைப்பிற்கு வருகிறேன். காலையில் விடுதி நண்பர்களைப் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். "ஏதோ பட்டினி கிடந்தவனைக் கேட்பதுபோல் கேட்கிறாயே!" என்பார்கள். சில வாரங்களில் அச்சொல்லை மறைத்துக்கொண்டு, "டிபன் சாப்பிட்டாச்சா?" என்று கேட்கப் பழகிவிட்டேன்.

சிரித்தவர்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. 1978இல் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். 'பசியாறிவிட்டுப் பள்ளிக்குச் சென்றேன்' என்று ஒரு மாணவன் கட்டுரையில் எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, 'சிற்றுண்டி உண்டு' என்று மேலே எழுதினேன். "எங்க வீட்டுல அப்படித்தான் சார் சொல்வோம்" என்றான் அவன். "வீட்டுத் தமிழ் வேறு, நல்ல தமிழ் வேறு" என்றேன். அதன்பின் அவன் கட்டுரைகளில் வீட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

இரண்டாம் ஆண்டில் கள ஆய்விற்காக நாகூர் சென்றேன். ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் நுழைந்ததும், அவ்வீட்டு அம்மையார், "வாங்க தம்பி, முதல்ல பசியாறுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். நான் திகைத்து நின்றேன். அக்கடற்கரை ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள் காலை உணவு உண்பதைப் பசியாறுதல் என்றே கூறுகின்றனர். நம் ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவில் நாகூர் தர்கா உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகூர் மகானின் நினைவாகக் கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அதை எழுப்பினர். சொற்களும் அவ்வாறே மக்களோடு கடல் கடந்திருக்கலாம் அல்லவா?

அச்சொல்லின் அமைப்பையும் பாருங்கள். சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, களைப்பாறுகிறோம், இளைப்பாறுகிறோம். அவ்வரிசையில் இயல்பாக அமைந்ததே பசியாறுதல். வேற்றுமொழிக் கலப்பு அதில் இல்லை. நான் பிழையென அடித்தது தமிழ் இலக்கணத்திற்கு முற்றும் பொருந்திய ஒரு சொல்லை.

அதை வணக்கமொழியாக நிலைபெறச் செய்ததில் நம் மண்ணுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. மலாய்க்காரர் "சூடா மாக்கான்?" என்று நலம் விசாரிக்கின்றனர். ஹொக்கியன் பேசும் சீனரும் உண்டாயிற்றா என்றே கேட்கின்றனர். கேட்பவர் எவரும் உணவுப் பட்டியலை எதிர்பார்ப்பதில்லை. செய்தியைப் பெறுவதற்கன்றி உறவைப் பேணுவதற்காகவே நிகழும் இத்தகைய பேச்சை மாலினோவ்ஸ்கி 1923இல் தனியாகச் சுட்டிப் பெயரிட்டார். பினாங்கில் மூன்று மொழியினரும் அவ்வுறவைச் சோற்றின் வழியாகவே பேணுகிறோம்.

ஆசிரியப் பெருமக்களே, தேர்வுக் கட்டுரைக்குரிய பொதுத்தமிழை மாணவர்க்குக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சிவப்பு மையைத் தொடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இச்சொல் தமிழ் அமைப்பிற்குப் பொருந்துகிறதா? வேறு வட்டாரத் தமிழர் இதை வழங்குகின்றனரா? இது பிழையா, அல்லது இடத்திற்கு ஏற்காத வழக்கு மட்டுந்தானா? பிழையன்று எனில் அடிக்காதீர்கள். அருகில் பொதுவழக்கை எழுதி, "இதுவும் உண்டு" என்று சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் படிக்க எந்நாட்டிற்குச் சென்றாலும் உங்கள் பேச்சைக் கேட்டு எவரேனும் சிரிக்கக்கூடும். நான் செய்ததுபோல் உடனே சொல்லை ஒளித்துவிடாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று முதலில் தேடுங்கள். நான் தேடாமலே நாகூரில் ஓர் அம்மையார் எனக்கு விடையளித்தார். அதற்குள் ஒரு சிறுவன் தன் வீட்டுச் சொல்லை எழுதுவதை நிறுத்திவிட்டான். அவனைப் பின்னர் நான் சந்திக்கவே இல்லை. அவனிடம் சொல்ல வேண்டியதைத்தான் இன்று உங்களிடம் சொன்னேன்.