துணைக்காலும் ரகரமும்

வாழவந்தி, ஏற்காடு, சேர்வராயன் மலை. இந்த ஊர், மலைப் பெயர்களைக் கொண்டே இன்றைய பேச்சைத் தொடங்கலாம். வானொலியில் எழுத்தைக் காட்ட முடியாது. ஆகவே நீங்கள்தான் மனத்துக்குள் எழுதிப் பார்க்க வேண்டும். சேர்வராயன் என்னும் பெயரின் தொடக்கத்தில் வரும் 'சேர்' என்பதை எழுதுங்கள். முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்துச் சகரம், அதன்பின் புள்ளி வைத்த ரகரம். பழைய அச்சில் அந்த ரகரத்தின் அடியில் இருக்கும் சாய்கோட்டை விட்டுவிடும் வழக்கம் இருந்தது. சாய்கோடு போனால் மிஞ்சுவது துணைக்கால் வடிவம், அதன்மேல் ஒரு புள்ளி. வாசிப்பவரின் கண் அதை 'ர்' என்றே எடுத்துக்கொண்டது. அந்த வடிவம் கணினி எழுத்துருக்களுக்குள்ளும் நுழைந்தது. பிறகு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியபோது பல கோப்புகளில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலே உட்கார்ந்துகொண்டது. இரட்டைக் கொம்பு, சகரம், துணைக்கால் மூன்றும் சேர்ந்தால் கணினிக்கு அது 'சோ'. திரையில் சேர்வராயன் என்று பளிச்சென்று தெரிகிறது. உள்ளே இருப்பதோ சோவராயன், நடுவில் ஒட்டாத ஒரு புள்ளியோடு. தேடுபெட்டியில் சரியாக எழுதித் தேடுகிறவருக்கு அந்த மலை அகப்படாது.

இதே பிழை மென்பொருளின் பயனர் கையேட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தமிழில் மென்பொருளை விளக்கும்போது நாம் அடிக்கடி எழுதும் சொற்கள் எவை? சரி, சேர், பயனர், முகவரி. நான்கிலும் 'ர்' அல்லது 'ரி' இருக்கிறது. நான்கும் இந்தப் பிழைக்கு ஆளாகும் சொற்கள். 'பயனர்' என்று தேடினால் கையேட்டில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று கணினி சொல்லும். கண்ணால் பார்த்தால் பக்கத்துக்குப் பத்து இடத்தில் இருக்கும். அச்சுப் புத்தகத்தில் எழுத்துப்பிழை வாசகரைக் கொஞ்சம் தடுமாற வைக்கும், அவ்வளவுதான்; சொல் அந்தத் தாளிலேயே இருக்கும். தேடிப் படிக்கும் ஆவணத்தில் எழுத்துப்பிழை அந்தச் சொல்லையே மறைத்துவிடுகிறது. அதனால்தான் யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள்களின் ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்துவதை வேலை தெரியாதவர்களுக்குத் தள்ளிவிடும் எடுபிடி வேலையாக நான் எண்ணவில்லை. பயிற்சியும் நிதானமும் கேட்கும் கலை அது.

தமிழுக்கு இந்தக் கலை புதிதல்ல. ஓலையில் புள்ளி இடுவதில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். 'சேர' என்று படிப்பதா, 'சோ' என்று படிப்பதா என்பதைப் பொருளறிந்தவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழி இப்படிப்பட்ட அனுபவத்திலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடத்தை உறுதி செய்தார். நம் காலத்திலும் அந்த ஒழுங்கு தொடர்கிறது. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்பும் பார்த்தார்கள். இணைய நூலகமான விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பச்சை ஆகும். முதலில் பார்த்தவரே பச்சை ஆக்கிவிட முடியாது. ஓலைக்காலத்துப் பழைய குழப்பம் திரைக்குள் திரும்பி வந்திருக்கையில், அதைத் தீர்க்க நாம் பழகிய முறையும் கூடவே வந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

உலக அளவிலும் பிழை திருத்துவதன் மதிப்பை உணர்ந்தவர்கள் உண்டு. டெக்ஸ் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்டு நூத், தம் நூல்களில் பிழை கண்டு முதலில் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தினார். கணிதப் பிழையோ அச்சுப் பிழையோ, இரண்டுக்கும் அதே தொகை. 256 காசு என்பது பதினாறடிமான எண்முறையில் ஒரு முழு டாலர் என்பது அவர் கணக்கு. பிழையை உரிய காலத்தில் திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஓர் இணையப் பக்கத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை உலாவி தெரிவிக்கும் குறிப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். 1996 மே மாதம் வெளியான, எச்டிடிபி என்னும் இணைய நெறிமுறையின் ஆவணத்தில் அந்த ஆங்கிலச் சொல் ஓர் 'ஆர்' எழுத்து குறைவாகவே பதிவானது. அதற்குள் நிரல்கள் அந்தப் பிழையை நம்பி எழுதப்பட்டுவிட்டன. இன்றும் உலகத்தின் உலாவிகள் அந்தத் தப்பான எழுத்துக்கூட்டலைத்தான் அனுப்புகின்றன. வரைவு நிலையில் ஒருவர் கவனமாக மெய்ப்புப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை.

எழுத்துப்பிழை திருத்துவதை இப்படி மதிப்பதற்கு மறுப்பு இருக்கிறது. அது வெறும் சாக்கும் அல்ல. சின்னச் சின்னத் திருத்தங்கள் குவிந்தால் மென்பொருளைப் பராமரிப்பவரின் நேரம் வீணாகிறது என்கிறார்கள். 2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியின்போது இது கண்கூடாக நடந்தது. நான்கு திருத்தங்கள் அனுப்பினால் பனியன் பரிசு என்றதும், அறிமுகக் கோப்புகளில் தேவையற்ற சொற்களைச் செருகிப் பலர் அனுப்பினார்கள். பராமரிப்பாளர்கள் திணறிப்போக, தாமாக விரும்பிச் சேரும் திட்டங்களில் செய்யும் திருத்தங்களே கணக்கில் வரும் என்று விதியை அந்த மாதத்திலேயே மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே வந்தவற்றில் பெரும் தொல்லை தந்தவை பிழை நீக்கிய திருத்தங்கள் அல்ல. பிழையே இல்லாத இடத்தில் செய்த மாற்றங்கள். நல்ல திருத்துநர் கோப்பு முழுவதையும் படித்து, ஒரே வகைப் பிழைகளை ஒன்றாகத் திரட்டி, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று ஒரு வரிக் குறிப்போடு அனுப்புவார். அதைப் பார்த்து ஏற்கப் பராமரிப்பாளருக்கு அதிக நேரம் பிடிக்காது.

இயந்திரமே திருத்திவிடுமே என்பது இன்னொரு மறுப்பு. தமிழுக்கு நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைக்கும் நாவி சந்திப்பிழைக்கும் துணை நிற்கின்றன. அவற்றை வேண்டாம் என்பவன் அல்லன் நான். துணைக்கால் பிழையைத் தேடிப் பிடிக்க இயந்திரத்தைப் போல யாராலும் முடியாது. ஆனால் எதைத் தொடக் கூடாது என்பது அதற்குத் தெரிவதில்லை. இக்கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன். லினக்ஸில் இணைத்த வட்டைக் கழற்றும் கட்டளை 'யுமவுன்ட்'. ஆங்கிலம் அறிந்தவர் 'அன்மவுன்ட்' என்பதில் ஓர் 'என்' விடுபட்டது என்று நினைத்துக் கையேட்டில் அதைச் சேர்த்தால், படித்துச் செய்கிறவருக்குக் கட்டளை வேலை செய்யாது. ரொறன்ரோ என்று ஈழத்தமிழர் எழுதுவதை டொராண்டோ என்று மாற்றுவது திருத்தமும் அல்ல. அது இன்னொருவர் மரபை அழிப்பது. கறுப்பு, கருப்பு இரண்டும் வழக்கில் உள்ளவை. ஊர்ப்பெயர்களில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்தது. தமிழ் ஒலிப்புக்கு நெருங்கி வர வேண்டும் என்ற நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் வேலூருக்கு இரண்டு 'ஈ' போட்டதால் வீலூர் என்று படிக்க நேர்ந்தது. பல பக்கமிருந்தும் எதிர்ப்பு எழ, சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் சரியாக இருந்தும், படிக்கப்போகிறவர் கண்ணால் முன்கூட்டியே ஒருமுறை படித்துப் பார்க்காததன் விளைவு அது.

தமிழ்க் கையேட்டை யார் படிக்கிறார்கள், நிரல் எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தில்தானே படிக்கிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் நிரல் எழுதுகிறவர்கள் அல்லர். மலைக்கிராமத்துப் பள்ளி மாணவிக்கும், காப்பித் தோட்டத்தின் வரவுசெலவைக் கணினியில் பதியத் தொடங்குகிறவருக்கும் லிப்ரேஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளத் தேடும்போது விளக்கம் கையில் அகப்படாவிட்டால், இலவசமாகக் கிடைத்தும் பயனில்லை. தமிழில் படிக்கிறவர் குறைவு என்று பிழையை விட்டுவைத்தால், தேடி வந்த அந்தக் கொஞ்சம் பேரும் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

கையேட்டுக்குச் சொன்னது வரைபடத்துக்கும் பொருந்தும். திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்ப்பெயரைத் தமிழில் பதியத் தனி இடம் உண்டு. வாழவந்தியை ஆங்கிலத்தில் எழுதுவோர் ழகரத்துக்கு ஒரு 'எல்' போடலாம், 'இசட்எச்' போடலாம். கடைசி எழுத்துக்கு 'டிஐ' போடலாம், 'டிஎச்ஐ' போடலாம். ஒரே ஊர் நான்கு ஊராகிவிடும். அந்த ஆங்கிலத்தைப் பார்த்து வெளியூர்க்காரர் திரும்பத் தமிழாக்கினால் 'வளவந்தி' என்று வரும். ஏற்காடு 'ஏர்காடு' ஆகும். உள்ளூர்க்காரர் கண்ணுக்கு மட்டுமே உடனே உறுத்தும் பிழைகள் இவை. எந்தக் கையேட்டிலாவது வரைபடத்திலாவது சேர்வராயன் என்ற பெயரைக் கண்டால், அதில் 'ர்' எழுத்தை அடுத்துச் சுட்டியை வைத்து ஒருமுறை பின்னோக்கி அழித்துப் பாருங்கள். புள்ளி மட்டும் போய் 'சோ' என்று நின்றால் அங்கே வேலை இருக்கிறது. திருத்திய பின் எழுத வேண்டிய குறிப்பு ஒரே வரிதான்: துணைக்கால் இருந்த இடத்தில் ரகரம் இட்டேன்.