சனி ஞாயிறு சேலைக் கடை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வந்து நின்றாலே சேமிப்பு, கடன் திருப்பம், தீர்மானப் புத்தகம் என்றுதான் பேசுவேன். "மேடம் வந்தாச்சு, நோட்டை எடுங்கடி" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்கும் காதில் விழும். இன்றைக்கு ஒரு மாற்றம். என்னுடைய நோட்டை நான் எடுத்து வந்திருக்கிறேன். நான் நடத்துகிற சின்னச் சேலைக் கடையின் கணக்கு இதில் இருக்கிறது. "தொழில் பண்ணுங்க, தொழில் பண்ணுங்க" என்று பத்து வருஷமாக ஊர் ஊராகச் சொன்னவள், தானே ஒரு தொழிலில் இறங்கியபோது எங்கெல்லாம் இடறினாள் என்பதைச் சொல்லத்தான் தலைவியிடம் நேரம் கேட்டு வாங்கினேன்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்திண்ணைதான் கடை. சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குத் திறந்தால் இரவு 9 வரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் 9 முதல் 1, அப்புறம் 3 முதல் 8. மற்ற நாட்களில் உங்களோடுதான் இருக்கிறேன். விற்பதெல்லாம் அந்தக் கால மாடல் துணிகள். கண்டாங்கி, சுங்குடி, பஃப் கை வைத்த ஜாக்கெட், சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டுக்கரைப் பாவாடை.

இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அரக்கு நிறத்தில், பெரிய கரை வைத்த கட்டம் போட்ட கண்டாங்கி ஒன்று கிடந்தது. ஒரு பயிற்சிக்கு அதைக் கட்டிக்கொண்டு போனேன். மத்தியானத்துக்குள் நாலு பேர் "எங்கே வாங்கினீங்க" என்று கேட்டுவிட்டார்கள். பொங்கல் விழாவுக்குக் காலேஜ் பிள்ளைகள் பாட்டி சேலையைத் தேடி அலைகிறார்கள். அதுவும் மனசில் இருந்தது. எங்கள் தெருச் சங்கத்தில் நானும் உறுப்பினர். 30,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை.

அதில் 14 கண்டாங்கி, ஒன்று 1,000 வீதம் 14,000. சுங்குடி 24, ஒன்று 450 வீதம் 10,800. கண்ணாடி, மர அலமாரி, தொங்கவிடக் கம்பி எல்லாம் சேர்த்து 3,200. கையில் 2,000.

சரக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் அடி அங்கேதான் விழுந்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005-லும், காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது இந்தப் பெயர் இந்த ஊர்ச் சரக்குக்குத்தான் சொந்தம் என்று பதிவு. பெயருக்கு மதிப்பு வந்ததும் அதே பெயரில் வேறு சரக்கும் வந்துவிடுகிறது. ஒரு வியாபாரி "எல்லாம் சுத்தக் காட்டன் கைத்தறிம்மா" என்று சொன்னதை நம்பி, கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்து வந்தேன். எம்.எஸ்.டபிள்யூ. படித்த புத்தி!

இரண்டாவது வாரம் எதிர்வீட்டு அப்பத்தா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வாங்க வரவில்லை, பேச வந்தார். வயல் வேலைக்குக் கண்டாங்கியைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சேலையாகத் தடவினார். ஒன்றில் கை நின்றது. "ஏத்தா, இது நூலுச் சேலை இல்லையே. வழுக்குது பாரு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவரே ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி அடுப்பில் காட்டச் சொன்னார். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் பொடிப்பொடியாக உதிரும். இந்த இழை உருகி, நுனியில் கடுகு மாதிரி கறுப்பாக உருண்டு நின்றது. பாலியெஸ்டர் கலப்பு. அப்படி இரண்டு சேலை இருந்தன. பில் இல்லாததால் வியாபாரியிடம் பேச முடியவில்லை. வந்தவர்களிடம் கலப்பு என்று சொல்லியே, வாங்கிய விலைக்கும் குறைத்துத்தான் தள்ளினேன். அந்த நஷ்டத்தை நான் நோட்டில் எழுதவே இல்லை. வெட்கம். மற்றச் சேலைகளோடு சேர்த்து அதுவும் 1,300-க்கு விற்ற மாதிரி எழுதி வைத்தேன். அப்புறம் சொல்லப் போகிற கணக்கில் அந்த ஓட்டையும் உண்டு, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்குடியிலும் இப்படித்தான். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றினால் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, முடிந்த இடம் லேசாகச் சுருங்கி நிற்கும். மெழுகு வைத்து அச்சுப் போடுகிற சுங்குடியும் இருக்கிறது, புள்ளி வரிசை பிடித்த மாதிரி இருக்கும், விலையும் குறைவு. நான் 450-க்கு வாங்கியது அதுதான். அதை விற்பது தப்பில்லை, முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி விற்பதுதான் தப்பு. ஈரவெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்து, "முதல் தடவை உப்புத் தண்ணியில தனியா நனைங்க, நிழல்ல காயப்போடுங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

மூன்று மாதம் முடிந்தது. 11 கண்டாங்கி, 1,300 வீதம் 14,300. 15 சுங்குடி, 600 வீதம் 9,000. மொத்த விற்பனை 23,300. லாபம் 5,550 என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, வீட்டுக்காரரிடமும் காட்டினேன். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. சரக்கு எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் 3,890 ரூபாய்தான் இருக்கிறது. நாலு கண்டாங்கிகூட வராது.

எங்கே போச்சு? ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். விற்றதில் 9,700 ரூபாய் கடன். ஏழு கண்டாங்கி, ஒரு சுங்குடி. எட்டுப் பேர், அதில் அஞ்சு பேர் சொந்தக்காரர்கள். கைக்கு வந்தது 13,600, முதலில் கையில் வைத்த 2,000-ஐச் சேர்த்தால் 15,600. சங்கத்துக்குத் தவணையும் வட்டியும் 9,810. பஸ்ஸுக்கும் பைக்கும் 1,900. டவுன் பஸ் 2021-லிருந்து நமக்கு இலவசம்தான், ஆனால் சேலை எடுக்க மதுரைக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தானே ஆகணும்.

அன்றைக்கு இன்னொரு கணக்கும் போட்டேன். லாபத்தில் வட்டி 810, செலவு 1,900 கழித்தால் 2,840. வாரத்துக்கு 13 மணி நேரம் என்று 13 வாரம் உட்கார்ந்திருக்கிறேன், 169 மணி நேரம். மணிக்கு 17 ரூபாய்கூட வரவில்லை. அதுவும் கடன் முழுசும் வசூலானால்தான். அந்த இரண்டு கலப்புச் சேலை நஷ்டத்தையும் கழித்தால் இன்னும் கீழே போகும். நான் இல்லாத நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்ட அயித்தைக்கு நான் ஒரு பைசா எழுதவில்லை. உங்கள் மாட்டுக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதும்போது "உங்க கூலியைச் சேர்த்தீங்களா" என்று கேட்கிற அதே ஆள்தான் நான்.

இனிமேல் சொல்லப் போவதை இந்தக் கூட்டத்தில் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். கடன் வாங்கிய எட்டுப் பேரில் மூன்று பேர் நான் வேலை பார்க்கிற ஊர்ச் சங்கங்களின் உறுப்பினர்கள். கூட்டத்துக்குப் போகும்போது பையில் இரண்டு சேலை கொண்டு போவேன். "பாருங்க, புடிச்சா எடுங்க" என்பேன். அப்படி ஒரு ஊரில் நிலுவை பற்றிக் கேட்க வேண்டிய நாள். எனக்குக் காசு தர வேண்டிய சகோதரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என் வாயில் கேள்வியே வரவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது வயசான உறுப்பினர் ஒருவர் என் கையைப் பிடித்து, "வாங்கலேன்னா லோனு தள்ளிப்போயிருமோன்னு நெனச்சுத்தான் ஆத்தா அவ எடுத்தா. நீ தப்பா நெனைக்காத" என்றார்.

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போடுகிற பேனாவும் சேலைப் பையும் ஒரே கையில் இருந்தால் யாருக்கும் அந்தப் பயம் வரத்தான் செய்யும். மறுநாளே அலுவலகத்தில் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். மூன்று வீட்டுக்கும் போனேன். இரண்டு பேர் கட்டாமலே மடித்து வைத்திருந்தார்கள், திரும்ப வாங்கிக்கொண்டேன். மூன்றாமவர் "நான் ஆசைப்பட்டுத்தான் மேடம் எடுத்தேன்" என்று காசை எண்ணிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வேலை பார்க்கிற ஊர்களில் ஒரு கைக்குட்டைகூட விற்பதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் யாரும் என் கடைக்கு வர வேண்டாம். நல்ல கண்டாங்கி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நெசவாளர் சொசைட்டிக்கு வழி சொல்கிறேன்.

இப்போது கடை எப்படி நடக்கிறது? பாதிப் பணம் வைத்தால்தான் கடன், அதுவும் ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் இல்லை. ஆறு சேலைக்கு மேல் ஒரே தடவையில் எடுப்பதில்லை. பில் இல்லாமல் வாங்குவதில்லை. மடிப்பில் நிறம் வெளுக்காமல் இருக்க மாதம் ஒருமுறை எல்லாச் சேலையையும் மாற்றி மடிக்கிறேன். போனில் ஸ்கேன் பண்ணுகிற அட்டை முதலில் வீட்டுக்காரர் கணக்கில் இருந்தது, காசு வந்ததா என்று அவரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இப்போது என் கணக்கு. நோட்டில் "என் கூலி", "அயித்தை கூலி" என்று இரண்டு பத்தி புதிதாகப் போட்டிருக்கிறேன்.

சேலையைவிட நன்றாக ஓடுவது பாவாடைதான். எங்கள் சங்கத்துத் தங்கச்சி ஒருத்தி தைக்கிறாள், தையல் கூலி முழுக்க அவளுக்கு. ஆர்டர் பிடித்துக் கொடுப்பதற்கு எனக்கு 50 ரூபாய். அந்தக் காலத்தில் நமக்குத் தைத்த மாதிரியே மூன்று டக் பிடித்துத் தைக்கிறாள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டால் நாலு வருஷம் போடலாம். முன்பணம் வாங்கித்தான் தைப்பது, அதனால் இதில் நிலுவையே இல்லை.

நோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம், தப்பு இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேளுங்கள். பழைய கடனில் ஒரு கண்டாங்கிக் காசு 1,300 மட்டும் இன்னும் வரவில்லை. அது எங்கள் அயித்தையின் தங்கச்சி. தை மாசம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.