மூணாவது கை யாருடையது?

நடுவர் அவர்களே! மின்சாரக் கருவிதான் வீட்டுக்கு வசதின்னு எதிரணி அம்மா முழங்கிட்டுப் போனாங்க. இத்தாலிக்காரர் வீட்டிலே கையால் சுற்றுகிற பாஸ்தா மெஷினைப் பாருங்கய்யா!

மேஜை விளிம்பிலே வைத்துத் திருகாணியை இறுக்கணும். தண்ணி படக்கூடாது, துருப்பிடிக்கும். புது மெஷினா? முதல்லே கொஞ்சம் மாவை உருளைகளுக்கு நடுவே ஓட்டித் தூக்கிப் போடணும். எண்ணெய்ப் பிசுக்கு அதோடு போயிடும். அப்புறம் 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, அகலமான இடைவெளியிலிருந்து படிப்படியாக மெல்லிசாக்கணும்.

இப்போ கணக்குப் போடுங்க! மாவைக் கொடுக்க ஒரு கை, பிடியைச் சுற்ற ஒரு கை, நீளமா வர்றதைத் தாங்க ஒரு கை. ஆண்டவன் கொடுத்தது ரெண்டுதானே? "ஏங்க, இங்கே கொஞ்சம் வாங்க"ன்னு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தானே ஆகணும்!

மோட்டார் மாட்டினா அந்தக் கூப்பிடுற குரல் போயிடும். குடும்பத்தைச் சேர்த்து வைப்பது கைக்கருவியே என்று கூறி அமர்கிறேன்.